லேஞ்சி போட்ட இருக்கை

கிளிநொச்சியில் இருந்து முழங்காவில் பக்கம் போகிற பஸ்ஸில் இடம் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. பஸ் வந்து நிற்க முன்னரே யன்னலால் கையை விட்டு இருக்கையில் லேஞ்சியைப் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு ஆறுதலாக ஏறலாம். லேஞ்சி கிடக்கிற இருக்கையில் வேறு ஆள் இருக்கமாட்டார். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத சட்டம்.

ஒருமுறை நான் ஜெயபுரம் வரைக்கும் நின்றபடியே போனேன். எனக்கு முன்னால் ஓர் இருக்கை நீல லேஞ்சியோடு வெறுமையாகக் கிடந்தது. சொந்தக்காரர் பின்னால் நிற்கிறாராக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டோம். இறங்குகிற நேரம்தான் நடத்துனர் சொன்னார், லேஞ்சி போட்டவர் வேறு பஸ் முதலில் புறப்படுகிறது என்று அதில் ஏறிப் போய்விட்டாராம். ஆள் போய்விட்டார், அடையாளம் மட்டும் மிச்சம். ஒரு முழுப் பயணத்துக்கும் அந்த இருக்கை ஒருவருக்கும் உதவாமல் வந்தது.

அன்று நான் போனது ஒரு மடிக்கணினியைப் பார்க்க. ஜெயபுரம், பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவில் ஏ-32 வீதியை அண்டிய ஊர். அங்கே பிள்ளைகள் மாலையில் கூடிப் படிக்கிற ஓர் இடத்தில் பழைய மடிக்கணினிகள் சில உண்டு. காசு கொடுத்து வாங்கும் இயங்குதளத்துக்கு வழியில்லை என்பதால் எல்லாவற்றிலும் உபுண்டு லினக்ஸ் போட்டிருந்தோம். உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒருத்திதான் அவற்றுக்குப் பொறுப்பு. நான் போனதும் போகாததுமாகச் சொன்னாள்:

"அண்ணை, நேற்றுப் பின்னேரம் அப்டேற் ஓடிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போட்டுது. இப்ப எதையும் போட விடுதில்லை, பூட்டிக் கிடக்கெண்டு சொல்லுது. பூட்டுக் கோப்பை அழிச்சாச் சரியாம், வீடியோ ஒண்டில பாத்தனான். அழிக்கட்டோ?"

"பொறு, தொடாத" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. ஒரு பொதியை இறக்கி, அவிழ்த்து, உரிய இடங்களில் கோப்புகளை வைத்து, அது நம்பியிருக்கிற மற்றப் பொதிகளும் இருக்கின்றனவா என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரு பேரேட்டில் பதிந்து வைக்கிற வேலையைச் செய்வது பொதி மேலாளர். டெபியன், உபுண்டு வகையில் அடித்தளத்தில் டிபிகேஜி, அதன் மேல் ஆப்ட். ஆர்ச் லினக்ஸில் பேக்மேன். ஃபெடோரா வகையில் ஆர்பிஎம். அந்தப் பேரேட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதக்கூடாது. சங்கத்துக் கணக்குக் கொப்பியை இரண்டு பொருளாளர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து எழுதினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். ஆகவே எழுதத் தொடங்குகிறவர் முதலில் பூட்டைப் போடுவார், வேலை முடிய எடுப்பார்.

பூட்டு என்று ஒரே சொல்லால் சொல்கிறோமே தவிர, உள்ளே இரண்டு வகை இருக்கிறது. இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாததால்தான் இணையத்தில் கிடைக்கிற அறிவுரைகளில் பாதி ஆபத்தாக முடிகிறது.

முதல் வகை லேஞ்சி. பேக்மேன் இந்த வகை. வேலை தொடங்கும்போது தன் பேரேட்டுக் கோப்புறைக்குள் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கும். கோப்பு ஏற்கெனவே இருந்தால், வேறு யாரோ வேலை செய்கிறார் என்று எடுத்துக்கொண்டு விலகிவிடும். கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் இல்லையென்றால் உருவாக்குவதும் இரண்டு தனி அடிகளாக நடந்தால், இடைப்பட்ட கணத்தில் இன்னொருவர் புகுந்துவிடலாம். அதனால் இரண்டையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இயங்குதளத்தின் கருவான கேர்னலே செய்து கொடுக்கிறது. இதுவரைக்கும் குறையில்லை. ஆனால் வேலை செய்துகொண்டிருந்தவர் நடுவழியில் செத்துப்போனால் கோப்பு வட்டில் அப்படியே கிடக்கும். கணினியை அணைத்துப் போட்டாலும் கிடக்கும். நீல லேஞ்சி மாதிரி.

இரண்டாவது வகை, ஆளே இருக்கையில் உட்கார்ந்திருப்பது. டிபிகேஜி இந்த வகை. அதற்கும் பூட்டுக் கோப்பு ஒன்று உண்டு. ஆனால் கோப்பு இருப்பது பூட்டு அல்ல. அந்தக் கோப்பின் மேல் இன்ன செயன்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கிற இன்ன நிரல், உரிமை கொண்டிருக்கிறது என்று கேர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கிற குறிப்புத்தான் பூட்டு. கோப்பு எந்நேரமும் அங்கேதான் கிடக்கும், யாரும் ஒன்றும் செய்யாத நேரத்திலும். செயன்முறை முடிந்தாலோ, செத்தாலோ, கொல்லப்பட்டாலோ கேர்னல் அந்தக் குறிப்பை அக்கணமே அழித்துவிடும். ஆள் எழும்பினால் இருக்கை வெறுமை, அவ்வளவுதான்.

இப்போது ஜெயபுரத்து மடிக்கணினியை நினைத்துப் பாருங்கள். நேற்று மின்சாரம் போனது, கணினி செத்தது. கேர்னல் போனது, அதன் நினைவகம் போனது, பூட்டும் போனது. இன்று காலை கணினியைப் போட்டபோது அது பூட்டிக் கிடக்கிறது என்றால், அந்தப் பூட்டு நேற்றையது ஆக முடியாது. உள்ளே இப்போது உயிரோடு ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். அவரை மறந்துவிட்டுக் கோப்பை அழித்தால் கேர்னல் தடுக்காது. பழைய கோப்பை உள்ளிருப்பவர் பிடித்தபடியே இருப்பார். அடுத்து வருகிறவர் அதே பெயரில் புதிய கோப்பை உருவாக்கி, அதன் மேல் தன் பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார். இருவருக்கும் பூட்டு இருக்கிறது, இருவரும் ஒரே பேரேட்டில் எழுதுகிறார்கள். பஸ்ஸிலாவது சண்டை வரும், நாலு பேர் கூடி விலக்குவார்கள். கணினியில் சத்தமே வராது. மறுநாள்தான் எது எதற்குள் கலந்தது என்று தெரியும்.

தெரியாமல் பேசவில்லை. சில வருடங்களுக்கு முன் என்னுடைய கணினியில் நானே இதைச் செய்தேன். பேக்மேனுக்குச் சொல்லப்பட்ட மருந்தை டிபிகேஜிக்குக் கொடுத்தேன். பேக்மேன் தன் செய்தியிலேயே, வேறெந்தப் பொதி மேலாளரும் ஓடவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் பூட்டுக் கோப்பை அழிக்கலாம் என்று சொல்கிறது. வீடியோ போடுகிறவர்கள் "அழிக்கலாம்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு "நிச்சயமாகத் தெரிந்தால்" என்பதை விட்டுவிடுகிறார்கள். அன்றிரவு விடியும்வரை நான் கணினியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன்.

லேஞ்சியில் பெயர் தைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். பல மென்பொருள்கள் பூட்டுக் கோப்புக்குள் தம் செயன்முறை எண்ணை எழுதி வைக்கின்றன. அடுத்து வருகிறவர் அந்த எண்ணுக்குரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேர்னலிடம் கேட்டுப் பார்ப்பார். இல்லையென்றால் பூட்டு பழையது, அகற்றிவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் எண்கள் திரும்ப வரும். லினக்ஸில் நெடுங்காலம் வழக்கமான உச்சவரம்பு 32768 ஆக இருந்தது. அது முடிந்தால் கீழிருந்து மறுபடி தொடங்கும். கணினியை மீண்டும் போட்டாலும் எண்கள் தொடக்கத்தில் இருந்துதான். லேஞ்சியில் "சிவா" என்றிருக்கிறது, பஸ்ஸுக்குள் சிவா என்று கூப்பிட்டால் ஒருவர் கை உயர்த்துகிறார். ஆனால் லேஞ்சி போட்ட சிவா அவர் அல்ல. ஈமாக்ஸ் என்ற பழம்பெரும் தொகுப்பி இதற்காகவே பயனர் பெயர், கணினிப் பெயர், செயன்முறை எண் ஆகியவற்றோடு கணினி தொடங்கிய நேரத்தையும் பூட்டில் எழுதுகிறது. எந்தச் சிவா, எந்த ஊர், எந்தப் பயணம் என்று எல்லாம் தைத்த லேஞ்சி.

உட்கார்ந்து பிடிக்கிற முறையிலும் ஓட்டை இருந்தது. ஆப்ட் ஒரே வேலைக்குள் டிபிகேஜியைப் பலமுறை கூப்பிடும். ஒரு கூப்பிடலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பூட்டு ஒரு கணம் விடுபடும். ரிக்கற் எடுக்க எழும்பிய இடைவெளியில் மற்றவர் இருந்துவிடுவது போல. 2018இல்தான் டிபிகேஜிக்கு இரண்டாவது பூட்டு ஒன்று வந்தது. மேலே நின்று நடத்துகிற மென்பொருள் அதைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் விடாமல் பிடித்திருக்கும். ஆர்பிஎம்மின் பாடு இன்னும் மோசம். அது பேர்க்லி டிபி என்ற தரவுத்தளத்தை நம்பியிருந்தது. நடுவில் கொல்லப்பட்டால் அதன் பூட்டுகள் வட்டிலேயே தங்கிவிடும். அடுத்த கட்டளை பிழை என்றும் சொல்லாது, முடிந்தது என்றும் சொல்லாது, அப்படியே உறைந்து நிற்கும். 2020இல் வந்த ஃபெடோரா 33 அந்தத் தரவுத்தளத்தைக் கைவிட்டு எஸ்கியூலைட்டுக்கு மாறியது. நல்ல காரியம்.

பூட்டு ஏன் அநாதையாகிறது? வேலை நடுவில் குறுக்கிடப்படுவதால். குறுக்கீட்டுக்கும் பண்பான வகை, பண்பில்லாத வகை என்று உண்டு.

கண்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் செயன்முறைக்கு 2ஆம் எண் சமிக்ஞை போகும். "நிறுத்து" என்பது பொருள். 15ஆம் எண் "தயவுசெய்து முடித்துக்கொள்". இந்த இரண்டையும் செயன்முறை காதில் வாங்கித் தன் விருப்பப்படி நடக்கலாம். 9ஆம் எண் அப்படியல்ல. அது செயன்முறையின் காதுக்கே போகாது, கேர்னல் நேரே ஆளைத் தூக்கிவிடும். பூட்டை எடுக்கவோ பேரேட்டை மூடவோ அவகாசம் கிடையாது. கணினி சற்று இழுபட்டதும் 9ஐ அனுப்புகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதுதான் ஒரு வீரம் என்ற நினைப்பு.

சமிக்ஞையைக் காதில் வாங்குவதிலும் ஒரு நுட்பம். அம்மா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருக்கிறார். படலையில் யாரோ கூப்பிடுகிறார்கள். கையில் மாவோடு ஓடினால் அடுப்பில் நீத்துப்பெட்டி போய்விடும். அவர் செய்வது ஒன்றே: இருந்த இடத்தில் இருந்து "வாறன்" என்று குரல் கொடுப்பது. கை வேலை ஒரு கட்டத்துக்கு வந்ததும் போய்ப் பார்ப்பார். நன்றாக எழுதப்பட்ட மென்பொருளும் இதைத்தான் செய்கிறது. சமிக்ஞை வந்த கணத்தில் ஒரு சிறிய மாறியில் "வாறன்" என்று குறித்துவிட்டுத் திரும்பிவிடும். பேக்மேன் பொதியை நிறுவிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல் சி அழுத்தினால் கையில் உள்ள பொதியை முடித்துவிட்டுத்தான் நிற்கும். நிறுவல் இன்னும் தொடங்கவில்லையென்றால் பூட்டை எடுத்துவிட்டு உடனே வெளியேறும்.

அந்தக் கணத்திலேயே கூடுதலாக ஏதும் செய்தால் என்ன? திரையில் ஒரு வரி எழுதுவது கூடப் பிழையாகலாம். சமிக்ஞை எந்த நேரத்தில் வரும் என்று தெரியாது. மென்பொருள் நினைவகத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்த நடுக்கணத்தில் வந்திருந்தால், அந்தப் பங்கீட்டுக்கான உள் பூட்டு அதன் கையிலேயே இருக்கும். குறுக்கீட்டுக்குப் பதில் சொல்லப் போனவர் அதே பூட்டுக்காகக் காத்து நிற்பார். தன் கையில் உள்ள திறப்புக்காகத் தானே காத்திருப்பது! ஆகவேதான் குறுக்கீட்டுக் கணத்தில் எந்தெந்தச் செயல்களைக் கூப்பிடலாம் என்று யூனிக்ஸ் தரநிலை ஒரு சிறு பட்டியலே வைத்திருக்கிறது.

இந்தப் பயம் புதிதல்ல. ஒல்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, எக்ஸ்1 என்ற கணினிக்குக் குறுக்கீடுகளைக் கையாளும் நிரலை எழுதினார். 1959இல் அவர் பெற்ற முனைவர் பட்டமும் அந்த வேலைக்கே. குறுக்கீடு வரும் கணம் தற்செயலானது, அதனால் ஒரு பிழை வந்தாலும் அதைத் திரும்ப வரவழைத்துப் பார்க்க முடியாது என்பதே தன்னை அஞ்ச வைத்தது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆறு வருடங்களுக்குப் பிறகு, 1965இல், ஒரு வளத்தில் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் வேலை செய்வதை உறுதிசெய்யும் வழியை வெளியிட்டவரும் அவரே. குறுக்கீட்டுக்குப் பயந்தவரே பூட்டுக்கும் வழி சொன்னார்.

ஆனால் மின்வெட்டு எந்தச் சமிக்ஞையையும் அனுப்புவதில்லை. 2ம் இல்லை, 15ம் இல்லை, "வாறன்" சொல்ல நேரமும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. அதற்காவது நேர அட்டவணை ஒன்று இருந்தது, பார்த்து நடக்கலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிறு. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்கட்டமைப்பில் பட்டதால்தான் முழுத் தீவும் இருளானது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அந்த ஞாயிறு முற்பகலில் நாடெங்கும் எத்தனை கணினிகள் எழுதிக்கொண்டிருந்த வரியை நடுவில் விட்டனவோ! பற்றரி நல்ல மடிக்கணினிக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. நம் ஜெயபுரத்து மடிக்கணினியின் பற்றரியோ பேருக்கு இருந்தது. கம்பியைக் கழற்றினால் இரண்டு நிமிடம்.

எனவே பூட்டு உண்மையில் சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, போனவர் பாதியில் விட்ட வேலை.

டிபிகேஜி இதற்கு ஆயத்தமாகத்தான் இருக்கிறது. புதிய கோப்பைப் பழையதன் மேல் நேரே எழுதாது. பக்கத்தில் வேறு பெயரில் முழுவதையும் எழுதி, வட்டில் பதிந்ததை உறுதிசெய்து, பிறகு பெயரை மாற்றும். பெயர்மாற்றம் பிரிக்க முடியாத ஒரே செயல். ஆகவே எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் அந்த இடத்தில் பழைய கோப்பு முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். அரைகுறை இராது. ஒவ்வொரு பொதியும் எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் எழுதி வைக்கும்: பாதி நிறுவியது, அவிழ்த்தது, பாதி ஒழுங்கமைத்தது, முடிந்தது. மறுநாள் வருகிறவர் இந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

தொடர்வதற்கு ஒரு நிபந்தனை. பொதியோடு வருகிற ஒழுங்கமைப்பு நிரல்களை எத்தனை தரம் ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று டெபியனின் கொள்கை ஏடு கேட்கிறது. "கறிக்கு ஒரு கரண்டி உப்புப் போடு" என்று எழுதி வைத்துவிட்டுச் சமைத்தவர் நடுவில் எழும்பிப் போனால், அடுத்து வருகிறவர் மறுபடி ஒரு கரண்டி போடுவார், கறி கெடும். "உப்புப் பார், காணாவிட்டால் போடு" என்று எழுதியிருந்தால் பத்துப் பேர் வந்து போனாலும் கறி கறிதான்.

தரவுத்தளத் துறையில் இந்தச் சிந்தனையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒரு தமிழ்நாட்டவர் இருக்கிறார். சி. மோகன், சென்னை ஐஐடியில் 1977இல் வேதிப் பொறியியல் முடித்து, அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1981இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தவர். அவரும் சக ஆய்வாளர்கள் நால்வரும் 1992இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற மீட்பு முறை, இன்று தரவுத்தளம் படிக்கிற எந்த மாணவரும் தப்ப முடியாத பாடம். எதையும் மாற்றும் முன்னர், என்ன மாற்றப்போகிறோம் என்று குறிப்பேட்டில் எழுது என்ற பழைய விதியே அதன் அடித்தளம். கணினி செத்து எழும்பினால் மூன்று நடை. முதலில் குறிப்பேட்டைப் படித்து எது எங்கே நின்றது என்று அறிவது. இரண்டாவதாக, நடந்தவை அனைத்தையும், முடியாமல் போனவை உட்பட, நடந்தபடியே மீண்டும் நிகழ்த்துவது. மூன்றாவதாக, முடியாமல் போனவற்றை மட்டும் பின்னோக்கி அழிப்பது. அழிக்கத்தான் போகிறோம் என்றால் எதற்கு மீண்டும் நிகழ்த்துவது? எனக்கும் முதலில் விளங்கவில்லை. விழுந்த கணத்தில் கணினி இருந்த அதே நிலைக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால், அதன் பிறகு செய்கிற அழிப்பு வழமையான அழிப்பாகிவிடுகிறது. விழுந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் திரும்பி நடக்கும் வழி தெரியும்.

இன்னொரு வழி, பழையதைத் தொடவே தொடாமல் பக்கத்தில் புதியதைக் கட்டுவது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் பல கைபேசிகளில் இயங்குதளத்துக்கு இரண்டு அறைகள். ஓர் அறையில் நீங்கள் பேசிக்கொண்டிருக்க, மற்ற அறையில் புதிய பதிப்பு ஏறுகிறது. முடிந்தால் அடுத்த தொடக்கத்தில் அறை மாறும், முடியாவிட்டால் பழைய அறை இருக்கவே இருக்கிறது. இடம் இரட்டிப்பாகத் தேவை என்பதுதான் குறை. பழைய மடிக்கணினியின் சின்ன வட்டுக்கு இது கட்டுப்படியாகாது.

சரி, ஜெயபுரத்தில் என்னதான் நடந்தது? அந்தப் பிள்ளையைப் பிழைச் செய்தியை முழுக்க வாசிக்கச் சொன்னேன். அண்மைக்கால ஆப்ட், பூட்டைப் பிடித்திருப்பவரின் செயன்முறை எண்ணையும் பெயரையும் சொல்லிவிடும். பூட்டு, கணினி தானாகவே மேம்படுத்திக்கொள்ளும் பின்னணிச் சேவையின் கையில் இருந்தது. அந்தச் சேவைக்கு ஒரு பழக்கம் உண்டு. நேற்றைய வேலை நடுவில் அறுந்து கிடப்பதைக் கண்டால், புதிதாக ஒன்றைத் தொடங்க முன்னர் அதைத்தான் முதலில் சரிசெய்யும். அவள் அழிக்கப் பார்த்த பூட்டு, நேற்றைய மின்வெட்டின் மிச்சம் அல்ல. அதைத் திருத்திக்கொண்டிருந்தவரின் பூட்டு.

"அப்ப என்ன செய்யிறது?"

"தேத்தண்ணி குடிப்பம்."

குடித்து முடிய முன்னரே பூட்டு விடுபட்டது. அவளுக்கு வேண்டிய பொதியும் சிக்கலில்லாமல் ஏறியது. நான் கையால் செய்த பழுதுபார்ப்பு ஒன்றே ஒன்று: அடுத்த முறை போகும்போது கிளிநொச்சியில் புதிய பற்றரி வாங்கிப் போனேன்.